வயிற்றுக்குத் தொல்லை தராத வலி மாத்திரையா?

"டாக்டர், இது வயிற்றைப் புண்ணாக்காத மாத்திரை என்று கடையில் சொல்லித்தான் கொடுத்தார்கள்." எடோரிகாக்சிப் அட்டையை மேஜைமேல் வைத்தபடி மூட்டுவலிக்காரர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது. கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் என்னைக் கலங்கவைக்கிறது.

வலி, வீக்கம், காய்ச்சல் மூன்றிலும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளுக்குப் பங்கு உண்டு. அதன் உற்பத்திக்குக் காரணமான நொதி சைக்ளோஆக்சிஜனேஸ், சுருக்கமாக காக்ஸ். இதில் இரண்டு வகை. காக்ஸ்-1 எந்நேரமும் பணியில் இருப்பது. இரைப்பையின் சளிப்படலத்தைக் காப்பது. காக்ஸ்-2 பெரும்பாலான திசுக்களில் சாதாரணமாகத் தென்படுவதே அரிது. மூட்டில் அழற்சி தொடங்கி அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 போன்ற புரதங்கள் சுரந்துவிட்டால், சில மணி நேரத்தில் மளமளவென்று பெருகிவிடும். முழங்கால் சூடாகி வீங்கி, தொட்டாலே வலிப்பது அதனால்தான்.

ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று 1971-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன் காட்டினார். 1991-ல் காக்ஸ்-2 தெரியவந்ததும், அதை மட்டும் அடக்கினால் வயிறு தப்பும் என்ற கணக்கில் புது மருந்துகள் வந்தன. எடோரிகாக்சிப்பும் இந்த வகைதான். அவற்றில் ஒன்றான ரோஃபிகாக்சிப், மாரடைப்பு ஆபத்தைக் கூட்டியதால் 2004-ல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. ரத்தக் குழாய்களில் உறைதலைத் தடுக்கும் புரோஸ்டாசைக்ளினும் காக்ஸ்-2 தயவில்தான் உருவாகிறது. அது குறைந்து, உறையவைக்கும் திராம்பாக்சேன் மட்டும் குறையாமல் நின்றால் தராசு எந்தப் பக்கம் சாயும்?

சிறுநீரகத்திலோ காக்ஸ்-2 நோயில்லாத நாளிலும் வேலை செய்கிறது. உப்பை வெளியேற்றவும், உடலில் நீர் வற்றும்போது ரத்த ஓட்டத்தைக் காக்கவும் அது வேண்டும். பிரஷருக்கு டெல்மிசார்ட்டானும் நீர் மாத்திரையும் சாப்பிடுபவர், அவற்றோடு வலி மாத்திரையையும் தினமும் போட்டுக்கொள்கிறார். கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. கட்டுக்குள் இருந்த பிரஷர் ஏறியிருக்கிறது. "பிரஷர் மாத்திரை வேலை செய்யவில்லை, மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்கிறார்! இடையில் வயிற்றுப்போக்கும் வந்துவிட்டால், சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது ரத்தத்தில் கூடும் கழிவான கிரியாட்டினின் சட்டென்று ஏறிவிடும். வயதானவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

முழங்கால் வலிக்கு முதலில் டைக்ளோஃபினாக் களிம்பைத் தடவிப் பாருங்கள். மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கவே கூடாது. மருத்துவரிடம் போகும்போது, சீட்டு இல்லாமல் வாங்கிய அட்டைகளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். காலில் வீக்கம் கண்டாலோ சிறுநீர் குறைந்தாலோ வலி மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றே கிரியாட்டினின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.