கொங்சி: பங்காளிகளின் சொல்

மலேசியத் தமிழர் காதுக்குக் கொங்சி புதிய சொல் அல்ல. ஒரு பொட்டலம் நாசி லெமாக்கை இரண்டு பேர் பிரித்துச் சாப்பிட்டால் 'கொங்சி பண்ணிச் சாப்பிட்டோம்' என்பார்கள். கட்டுமான இடத்தில் வேலையாட்கள் தங்கப் பலகையும் தகரமும் வைத்து அடித்த கொட்டகை 'கொங்சி வீடு'. பினாங்குக்குப் போய்வந்தவர் 'கூ கொங்சி பார்த்தோம்' என்றால், அது கூரை முழுக்க டிராகனும் பீனிக்ஸ் பறவையும் நிற்கும் ஒரு மாளிகை. தின்பண்டத்துக்கும் தகரக் கொட்டகைக்கும் மாளிகைக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது என்று பார்த்தால், இதற்கு ஏற்ற தமிழ்ச் சொல்லும் கூடவே அகப்படும்.

சொல் தென்சீன மொழியான ஹொக்கியனிலிருந்து வந்தது. 'கொங்' என்றால் பொது. 'சி' என்றால் மேற்பார்த்து நடத்துதல். பொதுவில் நடத்துவது என்பதே நேர்ப்பொருள். இதே இரண்டு எழுத்துகளை மாண்டரினில் 'குங்ஸி' என்று படிப்பார்கள். இன்றைய சீனத்தில் அதற்கு வணிக நிறுவனம் என்று மட்டுமே பொருள். இதனால்தான் அகராதியைப் பார்த்து மொழிபெயர்ப்பவர்கள் குல மண்டபத்தைக் 'கூ நிறுவனம்' என்று எழுதிவிடுகிறார்கள். சீனர் ஐரோப்பியரின் கம்பெனியை எதிர்கொண்டபோது அதைக் 'கொங்பன்ங்கே' என்று ஒலிபெயர்த்தார்கள். நம்மவர் கும்பினி என்றது போலத்தான். கொங்சி அந்த ஒலிபெயர்ப்பு அல்ல. பங்கு போட்டுக் கப்பலேறியவர்களும் சுரங்கம் வெட்டியவர்களும் தங்களுக்குள் புழங்கிய சொந்தச் சொல் அது.

அந்தப் புழக்கம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு மேற்கு போர்னியோ சான்று. தங்கம் தோண்டப் போன ஹக்கா சீனர்கள் 1777-இல் லுவோ ஃபாங்போவின் தலைமையில் மண்டோரில் அமைத்த லான்ஃபாங் கொங்சி, நிலமும் வரியும் நீதிமுறையும் வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஓர் அரசாகவே நடந்தது. 1884-இல் டச்சுக்காரர்கள் அதைக் கலைத்தார்கள். சிங்கப்பூரில் தியோச்சியூ சீனர்கள் 1845-இல் தொடங்கிய ஙீ ஆன் கொங்சி இன்றும் அறப்பணி செய்துகொண்டிருக்கிறது. மலாயில் இச்சொல் பகிர்தல் என்று பொருள் விரிந்து, கூட்டு வணிகத்துக்குப் 'பெர்கொங்சியான்' ஆனது; மலேசியாவின் 1961-ஆம் ஆண்டுக் கூட்டுத்தொழில் சட்டத்தின் மலாய்ப் பெயரிலேயே அது உட்கார்ந்திருக்கிறது. இருண்ட பக்கமும் உண்டு: ரகசியக் கும்பலுக்கு மலாயில் 'கொங்சி கெலாப்'. கொங்சி டச்சு மொழிக்குள்ளும் போய் அங்கே 'உள்வட்டக் கூட்டாளிகள்' என்ற இளக்காரப் பொருளில் நிற்கிறது.

எல்லாப் பொருளுக்கும் அடியில் இருப்பது பங்கு. அதை மனத்தில் வைத்துக்கொண்டு குலக் கொங்சிக்கு வருவோம்.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஹொக்கியன் பெருங்குலங்கள் ஐந்து: கூ, செயா, இயோ, லிம், டான். இவற்றில் கூ கொங்சியின் தொடக்கம் துல்லியமாகத் தெரியும். 1835-இல் கூ குலத்தார் 102 பேர் கூடி 528 வெள்ளி பொதுநிதி சேர்த்தார்கள். 1851-இல் இடம் வாங்கி லியோங் சான் தோங், அதாவது டிராகன்மலை மண்டபம், என்று பெயர் வைத்தார்கள். நிதி முதலில், கட்டடம் 16 ஆண்டு கழித்து. கொங்சி என்ற சொல் முதலில் குறித்தது அந்த நிதியையும் அதற்கு உரிமை உள்ளவர்களையும்தான். மண்டபத்துக்குப் பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது.

உரிமை யாருக்கு என்பதில்தான் மொழிபெயர்ப்புகள் வழுக்குகின்றன. கூ என்ற குடும்பப்பெயர் இருந்தால் போதாது. தென்சீனத்தின் ஃபூஜியான் மாநிலத்தில் சின் காங் என்ற ஒரே ஊரிலிருந்து வந்த கூ வழியினராக இருக்க வேண்டும். ஆகவே 'குடும்பப்பெயர்ச் சங்கம்' அகலம் கூடிய சொல். 'சாதிச் சங்கம்' முழுப் பிழை. சாதிக்குள் மணம் நடக்கும், ஒரு குலத்துக்குள் மரபுப்படி நடக்காது. 'சீனர் சங்கம்' எதையும் சொல்லவில்லை. தனியாக 'ஹுவே குவான்' என்று ஒன்று உண்டு: ஒரே ஊர் அல்லது வட்டாரத்திலிருந்து வந்த எல்லாக் குலத்தாருக்கும் பொதுவானது. அதை ஊரவர் மன்றம் எனலாம். தமிழர் பினாங்குத் தெருவில் நடத்திய கிட்டங்கியையும் இதோடு குழப்பக் கூடாது. அது செட்டியார்கள் பெட்டி போட்டு வட்டிக்கடை நடத்திய, தங்கிய இடம்.

ஒரே தந்தைவழி, தங்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை, பொதுச் சொத்தில் எல்லாருக்கும் உரிமை, பொதுத் தெய்வம், ஆண்டுக்கு இரண்டொரு முறை எல்லாரும் கூடிக் கும்பிடுவது. இப்படிப்பட்டவர்களுக்குத் தமிழில் பெயர் இருக்கிறது: பங்காளிகள். பங்கும் குலமும் ஒரே சொல்லில் பிணைந்திருப்பது ஹொக்கியனில் மட்டும் நடந்த விந்தை அல்ல. எனவே அமைப்பைக் குறிக்கும்போது 'பங்காளிகள் மன்றம்' என்பது நம் தேர்வு. கட்டடத்தைக் குறிக்கும்போது 'குலமனை'. பங்காளிச் சண்டை என்ற வழக்கும் பொருந்தித்தான் போகிறது: 1867 ஆகஸ்டில் பினாங்கே பற்றி எரிந்த கலவரத்தில் ஒரு தரப்பின் தலைவர் கூ தியான் தெயிக் இதே குலத்தவர். மண்டபம் நிற்கும் இடத்துக்குக் 'கேனன் சதுக்கம்' என்று பெயர் வந்ததே அப்போது சுட்ட பீரங்கிக் குண்டால் என்பார்கள்.

குலமனை என்ற சொல் ஏன் 'கோயில்' என்பதைவிட மேல் என்றால், உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும். கூ கொங்சியில் மூன்று கூடங்கள். நடுவில் குலதெய்வம், ஒரு பக்கம் ஈ கொக் தோங், அதாவது முன்னோர் பெயர்ப்பலகைகள் வரிசையாக நிற்கும் கூடம், மறுபக்கம் துவா பெக் கோங் என்ற தெய்வம் இருக்கும் ஹொக் தெயிக் சூ. சுவர்களில் பட்டம் பதவி பெற்ற குலத்தாரின் பெயர்ப்பலகைகள். எதிரே கூத்து மேடை, சுற்றிலும் வாடகைக்கு விட்ட தொடர்வீடுகள். வாடகைதான் பூசைக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் பராமரிப்புக்கும் வருமானம். முன்வாசலில் கல்லில் செதுக்கிய சீக்கியக் காவலர்கள் நிற்பதைக் காணத் தவறக் கூடாது. காவலுக்குச் சீக்கியரை வைப்பது அக்காலச் செல்வர் வழக்கம், சிற்பியும் அதை விடவில்லை.

பழைய கட்டடம் 1901-இல் எரிந்தது. பேரரசரின் அரண்மனையைப் போல எடுத்ததால் தெய்வம் சினந்தது என்று நம்பி, அளவைச் சுருக்கி 1906-இல் மீண்டும் கட்டி முடித்தார்கள். சுருக்கியதே இப்படி! சீனாவிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்துச் செய்த பெரும் புதுப்பிப்பு 2001-இல் முடிந்தது. சூலியா தெருவில் தியோச்சியூ மக்களின் ஹான் ஜியாங் முன்னோர் மண்டபம் தன் மீட்புப் பணிக்காக 2006-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது பெற்றது. ஜார்ஜ் டவுன் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது அதற்கும் பின், 2008-இல்.

புதுப்பித்தல் என்கிறோம், இங்கும் சொல் கவனம் வேண்டும். பழையதை இடித்துப் புதிதாக்குவதும் புதுப்பித்தல்தான். இந்த வேலைக்கு 'மீட்டெடுத்தல்' என்பதே சரி. பழுதான துண்டை மட்டும் மாற்றி, மீதியை இருந்தபடி வைப்பது.

வேலை தெய்வத்திடமிருந்து தொடங்கும். பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நாளில் தெய்வ உருவையும் பெயர்ப்பலகைகளையும் தற்காலிக இடத்துக்கு எழுந்தருளச் செய்வார்கள். பாலாலயம் என்றால் தமிழருக்கு உடனே விளங்கும். பலகைகள் தலைமுறை வரிசைப்படி நிற்பவை. எண் போட்டுப் படம் எடுக்காமல் தூக்கினால், திரும்ப வைக்கும்போது பேரன் தாத்தாவுக்கு மேலே ஏறிவிடுவான். அடுத்து, முழுக் கட்டடத்துக்கும் மேலே சாரம் கட்டித் தகரக் கூரை போட வேண்டும். அதற்குள்தான் ஓட்டைப் பிரிக்கலாம். பினாங்கில் ஒரு பிற்பகல் மழை போதும், நூறு ஆண்டு ஓவியத்தைக் கழுவிவிட.

சுவர்தான் முதல் நோயாளி. பழைய செங்கல் மென்மையாகச் சுட்டது. தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். ஒரு காலத்தில் 'உறுதியாக இருக்கட்டும்' என்று மேலே சிமெண்ட் பூசினார்கள், அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தார்கள். ஈரத்துக்கு வழி அடைபட்டது. அது இன்னும் மேலே ஏறி, சுமந்து வந்த உப்பைப் பூச்சுக்கு அடியில் படிகமாக விட்டது. படிகம் வளர வளரச் செங்கல் முகம் பொரிந்து மாவாகக் கொட்டியது. இப்போது சிமெண்டை உளியால் மெல்லக் கொத்தி எடுத்து, உப்பை உறிஞ்சும் ஈரக்கூழ் பற்றுப் போட்டு, பிறகு சுண்ணாம்பு பூசுகிறார்கள். நீற்றிக் குறைந்தது 3 மாதம் ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, கழுவிச் சலித்த மணல் 3 பங்கு. கடல்மணல் கூடாது, உப்பை நாமே உள்ளே வைத்துப் பூசியதாகிவிடும். ஒரு பூச்சு சுமார் 10 மில்லிமீட்டர். அதற்குமேல் தடித்தால் வெடிக்கும். வெயில் படாமல் ஈரச் சாக்கு போட்டு வைக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் அவசரப்பட்டுக் கலவையில் ஒரு கரண்டி சிமெண்டைத் தட்டுவதுதான் மேற்பார்வை தவறிய இடங்களில் அதிகம் நடப்பது.

மரத்தில் கெடுவது பெரும்பாலும் நுனி, சுவருக்குள் புதைந்திருக்கும் பகுதி. உத்தரம் முழுவதையும் மாற்றுவது சோம்பேறி வேலை. கெட்ட நுனியை அறுத்துவிட்டு அதே உறுதியுள்ள செங்கால் மரத்தைச் சாய்வெட்டில் இணைத்து ஒட்டுப்போடுவதே முறை. பொன்தகடு ஒட்டும் மரப்பால் மெருகில் ஒரு வேடிக்கை: அது காய ஈரக்காற்று வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று விசிறி வைப்பவர் வேலையைக் கெடுக்கிறார்.

கூரையில் காணும் டிராகன்கள் வண்ணம் தீட்டியவை அல்ல. பீங்கான் கிண்ணத்தைக் கத்தரித்து ஒட்டியவை. சீனத்தில் 'ஜியான் நியான்', வெட்டி ஒட்டல். தமிழில் 'பீங்கான் சில்லு வேலை' எனலாம். கம்பியில் எலும்புக்கூடு கட்டி, சுண்ணாம்புச் சாந்தால் உடல் பிடித்து, சாந்து இறுகுமுன் சில்லுகளைக் குத்தி நிறுத்துவார்கள். சில்லைத் தட்டையான ஓட்டிலிருந்து எடுக்க முடியாது. கிண்ணத்தின் வளைவுதான் டிராகனின் செதிலுக்கும் பூவிதழுக்கும் வடிவம் தருகிறது. இடுக்கியால் கடித்துக் கடித்து வடிவாக்கி, வாலிலிருந்து தலைநோக்கி ஒன்றின்மேல் ஒன்று படிய அடுக்குவார்கள். பழைய உருவங்கள் உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளிருக்கும் இரும்புக் கம்பி: துருப்பிடித்தால் பருத்துவிடும், சாந்து உள்ளிருந்தே பிளக்கும். அதனால் மாற்றும்போது செம்பு அல்லது துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. உதிர்ந்த சில்லுக்குப் பதில் வண்ணம் பூசி மறைத்தால் இரண்டு மழைக்காலத்தில் தெரிந்துவிடும்.

கட்டடம் தயார் என்றால் ஆட்கள்? அவர்களைக் கூட்டுவது ஏடு. குலவழி முழுவதும் எழுதிய நூலை மாண்டரினில் 'ஜூபூ' என்பார்கள். தமிழில் கொடிவழி என்ற அழகான சொல் காத்திருக்கிறது. ஒரு தலைமுறையில் பிறந்த எல்லாருக்கும் பெயரில் ஓர் எழுத்து பொதுவாக வரும் மரபு உண்டு. முன்பின் அறியாத இருவர் பெயரைச் சொன்னதுமே யார் சிற்றப்பா, யார் மகன் முறை என்று கண்டுகொள்ளலாம். பெயரை ஆங்கிலத்தில் மட்டும் பதிந்த குடும்பங்களில் இந்தக் கண்ணி அறுந்துவிடுகிறது. அவர்களைக் கொடிவழியில் சேர்க்கக் கல்லறைக் கல்லைப் படிப்பதுதான் வழி. அதில் ஊர்ப் பெயரும் சீன எழுத்தில் முழுப்பெயரும் இருக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் வரும் செங் பெங் நாளில் கல்லறையைத் துப்புரவாக்கப் போகும்போதே இந்த வேலையும் நடக்கும். டிசம்பர் 21 அல்லது 22-இல் வரும் தாங் செக் நாளில் குலமனையில் கூட்டு வழிபாடு, பிறகு விருந்து.

எழுதும்போது: இடப்பெயராக வருமிடத்தில் கூ கொங்சி, செயா கொங்சி என்றே இருக்கட்டும், பெயரை மொழிபெயர்க்க வேண்டாம். 'கூக் கொங்சி' என்று ஒற்று மிகுவித்தால் குடும்பப்பெயரே மாறிப்போகும். 'கூக்' என்று அங்கே எவரும் இல்லை. பொதுப்பெயராக வந்தால் பங்காளிகள் மன்றம், குலமனை. கொங்சி வீட்டை மட்டும் கொங்சி வீடாகவே விட்டுவிடலாம். தகரக் கொட்டகைக்கு அதைவிடப் பொருத்தமான பெயரை அதில் தூங்கியவர்களே தேடவில்லை.