அந்த ஸ்டேட்மென்ட்டை அச்சடித்தது யார், சார்?

போன வாரமும் ஒருவர் வந்தார். மின்வாரியத்தில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மஞ்சள் பைக்குள் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஃபைல். மாதத்துக்கு ஒரு பக்கம், கலர் பிரிண்ட். அசல், வட்டி, மொத்தம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. அப்பா ஆரம்பித்து மகன் நடத்தும் முதலீட்டு ஆலோசனை நிறுவனமாம். பணிக்கொடை முழுக்க அங்கேதான். நான்கு மாதமாக ஒரு பைசா வரவில்லை. கேட்டால் "சர்வர் மாத்துறோம்" என்கிறார்கள். இந்த வருடம் என் மேஜைக்கு வந்த நான்காவது ஃபைல் இது.

"தம்பி, அவங்க ஒண்ணும் டபுள் ஆக்கித் தர்றேன்னு சொல்லலையே. வருஷத்துக்கு 11 பர்சன்ட்தானே? அதுவும் நல்ல குடும்பம்."

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பேராசைக்காரன்தான் ஏமாறுவான், நாம் நியாயமான வட்டிக்குத்தானே ஆசைப்பட்டோம் என்ற நினைப்பு. அமெரிக்காவில் மிகப் பெரிய முதலீட்டு மோசடி செய்த பெர்னார்ட் மேடாஃபை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவர் பணத்தை எடுத்துப் பழையவருக்கு லாபம் என்று கொடுத்தவர். அவர் யாரிடமும் டபுள் ஆக்கித் தருகிறேன் என்று சொன்னதில்லை. பெரும்பாலும் வருடத்துக்கு 10, 12 சதவீதம்தான் காட்டினார். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் ஏறக்குறைய அதே அளவுதான் வரும். சொல்லப்போனால், கெஞ்சி வந்த பலரை "இடமில்லை" என்று திருப்பி அனுப்பினார். திருப்பி அனுப்பினால் மதிப்பு கூடும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

நல்ல குடும்பமா என்றால், அதற்கும் குறைவில்லை. நியூயார்க்கில் 1960-இல் கடை திறந்தபோது கையில் 5,000 டாலர். கடற்கரையில் உயிர்காப்பாளராக நின்றும், ஸ்பிரிங்க்ளர் பொருத்தியும் சேர்த்தது. மாமனார் கணக்காளர், தன் சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் அனுப்பிவைத்தார். தம்பி பீட்டர், பிறகு மகன்கள் மார்க், ஆண்ட்ரூ என எல்லோரும் அதே அலுவலகம். மேடாஃப் நாஸ்டாக் என்ற அமெரிக்கப் பங்குச் சந்தையின் தலைவராகவும் இருந்தார். விதிமுறைகள் சரியாகப் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் பொறுப்பு தம்பிக்கு. அண்ணன் கணக்கைத் தம்பி சரிபார்ப்பது! என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது ஒன்றே போதும்.

மேல் மாடிகளில் நிஜமான பங்கு வியாபாரம் நடந்தது. 17-வது மாடியில் ஒரு பழைய ஐபிஎம் கணினி. பழைய தேதிகளின் பங்கு விலையைப் பார்த்து, வாங்காத பங்கை வாங்கியதாகவும் விற்றதாகவும் எழுதி, ஸ்டேட்மென்ட் அச்சடித்து ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் தபாலில் அனுப்பினார்கள். ஹாரி மார்கபோலோஸ் என்ற நிதி ஆய்வாளர், இது மோசடி என்று 2000-இலிருந்து அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார். ஆணையத்தினர் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள்.

2008 உலக நிதி நெருக்கடியில் வாடிக்கையாளர்கள் சுமார் 700 கோடி டாலரைத் திரும்பக் கேட்டார்கள். இல்லை. டிசம்பர் 10 அன்று மகன்களிடம் எல்லாம் பொய் என்று ஒப்புக்கொண்டார், மறுநாள் கைது. ஸ்டேட்மென்ட்களில் இருந்த மொத்தம் சுமார் 6,500 கோடி டாலர். 150 வருடத் தண்டனை; 2021-இல் சிறையிலேயே இறந்தார். தம்பிக்கும் 10 வருடம்.

அசலில் பெரும்பகுதியைப் பிற்பாடு மீட்டார்கள்தான், ஆனால் பத்து வருடத்துக்கு மேல் இழுத்தது. 75 வயதுக்காரருக்கு அது எந்தக் கணக்கில் சேரும்? இன்னொன்றும் நடந்தது. போட்டதற்கு மேல் எடுத்தவர்கள் மீது, "அது அடுத்தவன் காசு, திருப்பிக் கொடு" என்று வழக்குப் போட்டார்கள்.

சரி, நம்மூருக்கு வருவோம். ஆலோசகர் ஆலோசனைதான் சொல்ல வேண்டும். உங்கள் பணம் அவர் கணக்குக்குப் போகவே கூடாது. காசோலையில் எழுதும் பெயர் மியூச்சுவல் ஃபண்டுடையதாகவோ வங்கியுடையதாகவோ இருக்கட்டும். ஆலோசகருக்குச் செபி (நம் நாட்டின் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம்) பதிவு எண் இருக்கும், ஐஎன்ஏ (INA) என்று ஆரம்பிக்கும். விசிட்டிங் கார்டைப் பார்த்து நம்பாதீர்கள், செபி தளத்தில் தேடுங்கள். உங்கள் பான் எண்ணைப் போட்டு, மியூச்சுவல் ஃபண்டுக்குக் கணக்கு வைக்கும் கேம்ஸ் (CAMS) தளத்திலும், பங்குகளுக்குக் கணக்கு வைக்கும் என்எஸ்டிஎல் (NSDL), சிடிஎஸ்எல் (CDSL) தளங்களிலும் நீங்களே ஸ்டேட்மென்ட் எடுங்கள். ஃபண்டும் பங்கும் வாங்கியதாகச் சொல்லிவிட்டு அங்கே எதுவுமே இல்லை என்றால், அவர்கள் கொடுத்த ஃபைல் வெறும் காகிதம். பேரனைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள், பத்து நிமிட வேலை.

தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். என் முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஒரு ரூபாய்கூடப் போடவில்லை. "வட்டி கம்மி, தம்பி" என்றார்.

பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கச் சொன்னேன். அவர் ஃபைலின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். "அந்தப் பையன் கல்யாணத்துக்கு நாங்க போயிருக்கோம். போலீஸ் வரைக்கும் போகணுமா?"

போங்க சார். நாளைக்குக் காலையிலேயே போங்க. ஃபைலை இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துவிட்டுப் போங்க. ஒரிஜினலை யார் கேட்டாலும் கையெழுத்து வாங்காமல் கொடுத்துவிடாதீங்க.