பள்ளி மூடியிருந்தாலும் பிள்ளை வாசிப்பது நம் காதில் விழ வேண்டும்

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை, தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்று தொடக்க வகுப்புகள் மறுபடி திறந்தபோது மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிக்கொண்டிருந்த நேரத்தில் அறுந்துபோன பழக்கம், இடையில் ஏறத்தாழ இருபது மாதம். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது, வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் போயின, பாடநூலில் கியூஆர் கோடும் இருந்தது. ஆனாலும் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் 'கொக்கு' என்ற சொல்லிலேயே நின்றுவிட்ட பிள்ளைகள் உண்டு. பாடத்தை அனுப்ப ஆயிரம் வழி இருந்தது. பிள்ளை வாசிப்பதை உட்கார்ந்து கேட்கத்தான் ஆள் இல்லை.

அத்தனை நீண்ட அடைப்பு இனி வராமலே போகட்டும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை விடுமுறை ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் பள்ளிகள் நாள்கணக்கில் மூடிக் கிடந்தன. அம்மை போட்ட பிள்ளை இரண்டு வாரம், கை முறிந்த பிள்ளை ஒரு மாதம் என வீட்டில் இருக்கும். ஒன்று முதல் ஐந்து வரை பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் அந்த நாட்களில் என்ன செய்யலாம், எங்கே சறுக்குகிறது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் கைபேசிக் கணக்கு

விடுமுறை அறிவித்த பிறகு தேடாமல், ஜூன் மாதமே ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டிய விவரங்கள் சில உண்டு. வீட்டில் இருப்பது டச் போனா, பட்டன் போனா? அது யார் கையில் இருக்கும், எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும்? வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் யார்? எட்டாவது படிக்கும் அக்கா இருக்கிறாளா? போன் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டு எண் எது?

பெரும்பாலான வீடுகளில் போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ஏழு, ஏழரைக்குத்தான் திரும்பும். காலை பத்து மணிக்கு நாம் வகுப்பு வைத்தால் வருவது ஐந்தாறு பேர், அதுவும் ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற பிள்ளைகள். எட்ட வேண்டியவர்களை எட்டும் நேரம் இரவு ஏழிலிருந்து எட்டரை. ஆசிரியருக்கு இது சிரமமான நேரம்தான். அதனால்தான் ஒரே நாளில் எல்லாரையும் கூப்பிட நினைக்காமல் ஐந்தைந்து பேராகப் பிரித்துக்கொள்வது நல்லது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

நேரலை வகுப்பு வைத்தாலும் அளவு வேண்டும். 2020 ஜூலையில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இன்றைய கல்வி அமைச்சகம்) வெளியிட்ட வழிகாட்டுதலே ஒன்று முதல் எட்டு வரை ஒரு நாளைக்கு இரண்டு அமர்வுகளுக்கு மேல் கூடாது, ஒவ்வோர் அமர்வும் முப்பதிலிருந்து நாற்பத்தைந்து நிமிடம் என்றது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அதுவே அதிகம் என்பதுதான் எங்கள் கருத்து. திரையில் இருபது முகம் தெரிந்தாலும் வாய் திறப்பது மூன்று பேர்தான்.

வாட்ஸ்அப்பில் கவனிக்க வேண்டியவை

பெற்றோர் குழு தொடங்கினால் எல்லா அம்மாக்களின் எண்ணும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். இதனால் தொந்தரவுக்கு ஆளாகி, குழுவை விட்டே வெளியேறும் தாய்மார்கள் இருக்கிறார்கள். பிராட்காஸ்ட் பட்டியல் போட்டால் செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், பதிலும் நமக்கு மட்டும் வரும். ஆனால் ஒரு சிக்கல்: நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போய்ச் சேரும். 'டீச்சர் ஒண்ணும் அனுப்பலையே' என்று ஒரு வீட்டில் சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பெற்றோர் கூட்டத்துக்கு வரும் நாளிலேயே, நம் கண்முன்னே எண்ணைச் சேமிக்கச் செய்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. குழுதான் வேண்டும் என்றால் அட்மின் மட்டும் செய்தி போடும்படி அமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே பாடம் காணாமல் போகும்.

வீடியோவைவிடக் குரல் பதிவு மேல். ஒரு நிமிடக் குரல் பதிவு கால் எம்பி கூட ஆகாது. மூன்று நிமிட வீடியோ பத்து எம்பியைத் தாண்டும். நாளுக்கு இவ்வளவு என்று டேட்டா வரும் திட்டத்தில், மாலைக்குள் அண்ணன் அதைத் தீர்த்திருப்பான். வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும், பிள்ளை எழுந்து விளையாடப் போய்விடும். போனில் இடம் நிறைந்துவிட்டது என்று அப்பா எல்லாவற்றையும் அழித்தும் விடுவார். குரல் பதிவில் இன்னொரு நன்மை உண்டு. அம்மா சமைத்துக்கொண்டிருக்கும்போது பிள்ளை புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நம் குரலைத் தொடரலாம், கண் எழுத்தின் மேலேயே இருக்கும். 'புத்தகத்தை எடு, பதினான்காம் பக்கம், மேலே மரம் வரைஞ்சிருக்கும், அதுக்குக் கீழே முதல் வரியில விரலை வை' என்று இடத்தைச் சொல்லித் தொடங்குங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள்.

ஏழு நிமிட அழைப்பு

இதற்குப் பட்டன் போன் போதும். இருபத்தைந்து பிள்ளைகள் என்றால் ஒரு மாலைக்கு ஐந்து பேர், ஆளுக்கு ஏழு நிமிடம், மொத்தம் முப்பத்தைந்து நிமிடம். வாரத்தில் ஒரு முறை ஒவ்வொரு பிள்ளையின் குரலும் நமக்குக் கேட்டுவிடும். தடுமாறுகிற நான்கைந்து பேருக்கு வாரம் இருமுறை.

முதல் நிமிடம் பேச்சு. என்ன சாப்பிட்டாய், ஆட்டுக்குட்டி எப்படி இருக்கிறது. இதைச் சுருக்கிவிடாதீர்கள், குரல் திறப்பதே இதில்தான். பிறகு மூன்று நிமிடம் வாசிப்பு, இரண்டு நிமிடம் கணக்கு, கடைசி ஒரு நிமிடம் அம்மாவிடமோ பாட்டியிடமோ.

வாசிப்பைக் கேட்கும்போது ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பிள்ளை கடகடவென்று வாசிக்கும், நமக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். உண்மையில் அது மனப்பாடம். அக்கா நாலு முறை வாசித்துக் காட்டியதைக் காதால் பிடித்துக்கொண்டு சொல்கிறது, கண் புத்தகத்தில் இல்லை. விரல் எங்கே இருக்கிறது என்று போனில் நமக்குத் தெரியாது. அதனால் பாடத்தை முழுதாகக் கேட்ட பிறகு, 'கடைசி வரியை மட்டும் வாசி கண்ணு' என்று கேளுங்கள். அடுத்து 'மூணாவது வரியில ரெண்டாவது சொல் என்ன?' வாசிக்கத் தெரிந்த பிள்ளை இரண்டு நொடியில் சொல்லிவிடும். மனப்பாடப் பிள்ளை முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வரும். அந்த முணுமுணுப்பு கேட்டால் திட்ட வேண்டாம். 'சரி, அந்தச் சொல்லை மட்டும் பாரு, முதல் எழுத்து என்ன?' என்று எழுத்துக்கு இறங்கிவிடுங்கள்.

பெரும்பாலும் தட்டுவது கொம்புக் குறியில். 'கொ'வில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் ஒரு சின்னச் சுழி. 'கொடு' என்பதைக் 'கோடு' என்று வாசித்தால், 'கொம்புல சுழி ஒண்ணா, ரெண்டா?' என்று கேட்டால் பிள்ளையே திருத்திக்கொள்ளும். ல, ள, ழ உச்சரிப்பைப் போனில் திருத்த முயல்வது வீண் வேலை. பாதி ஒலி கம்பியிலேயே போய்விடுகிறது, மீதி வீட்டுப் பேச்சு வழக்கு. பள்ளி திறந்த பிறகு வாயைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

பின்னாலிருந்து அம்மா மெல்லச் சொல்லிக் கொடுப்பது கேட்கும். டீச்சர் முன்னால் பிள்ளை தவறிவிடக் கூடாதே என்ற தவிப்பு அது. 'அம்மா, தப்பாச் சொன்னாலும் பரவாயில்லைங்க, எனக்கு எது தெரியலைன்னு தெரிஞ்சாதான் அடுத்த வாரம் அதைக் கொடுக்க முடியும்' என்று ஒரு முறை விளக்கிவிட்டால் போதும். கடைசி நிமிடத்தில் அம்மாவிடம் பிள்ளை செய்த நல்லது ஒன்றையும், வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றையும் மட்டும் சொல்லுங்கள். நான்கு வேலை சொன்னால் ஒன்றும் நடக்காது.

வாரக் கட்டு

போன் இல்லாத நாளிலும் நடக்கிற படிப்பு காகிதத்தில்தான் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு வாரம் ஐந்து தாள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் கணக்கு. தமிழில் ஐந்தாறு வரி வாசிக்க, மூன்று வரி எழுத. கணக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். இருபது கணக்கு கொடுத்தால் முதல் ஐந்தைப் பிள்ளை போடும், மீதியை அண்ணன் போடுவான், எழுத்தைப் பார்த்தாலே தெரியும். தாளின் மூலையில் அன்றைய வேலை ஒன்று: வீட்டில் எத்தனை சன்னல், பாட்டி சொன்ன விடுகதை ஒன்று, இன்று பார்த்த பறவை.

ஒரே வகுப்புக்கு ஒரே தாள் என்று அச்சடிப்பது நமக்கு எளிது, பிள்ளைக்குப் பயனில்லை. 2022-23 கல்வியாண்டில் தமிழக அரசு தொடங்கிய, அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை வாரியாகப் பிரித்துப் பழகியிருக்கிறோம். வீட்டுக்கு அனுப்பும் தாளும் அந்த மூன்று நிலையில் இருக்கட்டும். ஆனால் தாளின் மேல் நிலையின் பெயரை எழுதாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்து வீட்டில் வசவு விழும். மூலையில் ஒரு சிறு பூவோ இலையோ வரைந்தால் நமக்கு மட்டும் அடையாளம் போதும்.

மழைக்காலக் கட்டுக்குப் பிளாஸ்டிக் உறை கட்டாயம். அதில் தாள்களோடு ஒரு பென்சில், பாதி ரப்பர், பத்துப் பத்தாகக் கட்ட ஒன்பது ரப்பர் பேண்டு, விரல் நீளத்துக்கு ஒடித்த ஈர்க்குச்சி நூறு. தீக்குச்சி வேண்டாம், மருந்தோடு பிள்ளை கையில் போகும்.

அந்த நூறு குச்சி எதற்கு என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இருபத்தேழு என்று காதில் விழும்போது பிள்ளைக்கு 'இருபது'ம் 'ஏழு'ம் கேட்கிறது, அப்படியே 207 என்று எழுதுகிறது. தொண்ணூறு வரிசையில் 'நூறு' ஒலி வருவதால் இன்னும் குழப்பம். இரண்டு கட்டு, ஏழு உதிரி என்று கையில் வைத்துப் பார்த்தால்தான் 27 நிற்கும். அடுத்தது கடன் வாங்கும் கழித்தல். 52-இலிருந்து 27 போனால் 35 என்று எழுதி வரும். சரியான விடை 25. இதைக் கவனக்குறைவு என்று எண்ணிச் சிவப்பு மையால் அடித்துவிடக் கூடாது. 2-இல் 7 போகாதே என்று பார்த்து, 7-இல் 2-ஐக் கழித்து 5 எழுதியிருக்கிறது பிள்ளை. அதற்கு ஒரு விதி இருக்கிறது, விதிதான் தவறு. போனில் இப்படிக் கேளுங்கள்: 'அஞ்சு கட்டு, ரெண்டு உதிரி எடுத்து வை. அதுல ஏழு உதிரி எனக்குக் கொடு. இல்லையா? அப்ப என்ன செய்யலாம்?' கொஞ்சம் பொறுங்கள். ரப்பர் பேண்டு அவிழும் சத்தம் போனில் கேட்கும். பன்னிரண்டு உதிரியில் ஏழைக் கொடுத்து ஐந்தும், நான்கு கட்டில் இரண்டைக் கொடுத்து இரண்டுமாகப் பிள்ளையே 25 சொல்லும். இப்படி மூன்று கணக்குப் போட்ட பிறகுதான் நோட்டில் மேலே '4' என்றும் '12' என்றும் எழுதக் காட்ட வேண்டும்.

தாள்களை வாரம் ஒரு நாள் வாங்கி, புதியதைக் கொடுக்க வேண்டும். பள்ளி வாசலிலோ ரேஷன் கடைப் பக்கமோ பெற்றோர் எப்படியும் வருகிற நாளைப் பாருங்கள். போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் நிழல் விழுந்த படமாக வரும், பென்சில் எழுத்து மங்கிக் கொம்பின் சுழி தெரியாது. வாசற்படி வெளிச்சத்தில் தாளைத் தரையில் வைத்து நேர் மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். திருத்தும்போது எல்லாப் பிழையையும் சுழிக்க வேண்டாம். ஒன்றைத் தேர்ந்து, அதைப் பிள்ளையின் பெயர் சொல்லி முப்பது நொடிக் குரல் பதிவாக அனுப்புங்கள். தன் பெயர் டீச்சர் குரலில் வருகிற பதிவைப் பிள்ளை திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கும்.

பிள்ளையும் பிள்ளையும்

டீச்சர் பேசினால் மட்டும் போதாது. வாரம் ஒரு மாலை, ஒரே அழைப்பில் நான்கு பிள்ளைகளைச் சேர்த்து ஆளுக்கு ஒரு வரி வாசிக்க வைக்கலாம். பேசுகிறவர் தவிர மற்றவர்களைச் சற்று அமைதியாக இருக்கச் சொல்லிப் பெயர் கூப்பிட்டு முறை கொடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் ஒரே இரைச்சல். வாரக் கட்டில் தோழனுக்கு எழுதும் சீட்டு ஒன்று வைத்தால் அடுத்த வாரக் கட்டில் அதை அவனிடம் சேர்த்துவிடலாம். இரண்டே வரிதான் எழுதுவார்கள். ஆனால் அந்த இரண்டு வரியைத் தெளிவாக எழுதப் படுகிற பாடு எந்தப் பயிற்சித் தாளுக்கும் படமாட்டார்கள். ஒரே தெருவில் நான்கைந்து பிள்ளைகள் இருந்தால் திண்ணையே வகுப்பு. 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேரம் என்று தன்னார்வலர்களைக் கொண்டு குடியிருப்புகளிலேயே நடந்தது இந்த அடிப்படையில்தான்.

சத்தமில்லாத பிள்ளை

தாள் திரும்பவில்லை, போன் எடுக்கவில்லை என்றால் மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு எண்ணுக்குப் பேசுங்கள். ஒரு வாரம் தாண்டினால் நேரில் போக வேண்டும், அல்லது நம்பிக்கையான ஒருவரை அனுப்ப வேண்டும். பல நேரம் காரணம் சாதாரணமாக இருக்கும்: ரீசார்ஜ் தீர்ந்திருக்கும், பிள்ளை பாட்டி ஊருக்குப் போயிருக்கும். ஆனால் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போயிருக்கலாம், தம்பியைப் பார்த்துக்கொள்ள நிறுத்தியிருக்கலாம், வீட்டில் அடி விழுந்துகொண்டிருக்கலாம். பேச்சில் பயம் தெரிந்தால், ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லி 'ஆமா, இல்ல' என்று மட்டும் பதில் வரும்படி கேளுங்கள். சந்தேகம் உறுதிப்பட்டால் 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழைப்பதும் தலைமையாசிரியரிடம் சொல்வதும் அன்றைக்கே நடக்க வேண்டும். 'குடும்ப விஷயம்' என்று தள்ளிப்போடாதீர்கள்.

பள்ளி திறக்கும் நாளில் தேர்வு வைக்க வேண்டாம். அழைப்பு நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே எங்கே நின்றது என்று எழுதியிருக்கும்: இன்னார் இரட்டைக் கொம்பு, இன்னார் கடன் வாங்கும் கழித்தல், இன்னார் 90-க்கு மேல் எண் எழுதுவது. முதல் வாரம் அதைப் பார்த்தே பிள்ளைகளைச் சிறு குழுக்களாக உட்கார வையுங்கள். ஈர்க்குச்சிக் கட்டைக் கொண்டுவரச் சொல்ல மறக்காதீர்கள்.