இருபதாம் வாரம் வாருங்கள், முகம் பிறகு பார்க்கலாம்

போன வருடம் மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். 32 வாரக் கர்ப்பம். கதிரையில் உட்காரும் முன்னமே கணவர், "டொக்டர், ஃபோர் டி ஸ்கேன் இருக்குத்தானே? முகம் வடிவாத் தெரியணும். கட்டார்ல இருக்கிற மச்சான் பார்க்கணுமாம்" என்றார். கிளினிக் அட்டையைப் பிரித்தேன். 18 முதல் 22 வாரத்துக்குள் செய்ய வேண்டிய உறுப்பு ஸ்கேன் செய்யவேயில்லை. கேட்டால், "அப்ப வெள்ளாமை வெட்டு. அதோட, அது கறுப்பு வெள்ளைதானே?"

அந்தக் கறுப்பு வெள்ளையில்தான் விஷயமே இருந்தது. முதல் பிள்ளை சீசர், வயிற்றைக் கீறி எடுத்த பிள்ளை. இந்த முறை நச்சுக்கொடி கருப்பை வாயை மூடி, பழைய தழும்பின் மேலேயே படர்ந்து கிடந்தது. 20 வாரத்தில் நச்சுக்கொடி கீழே இருந்தால் கருப்பை வளர வளரப் பெரும்பாலும் மேலே போய்விடும். பயப்படத் தேவையில்லை, திரும்பப் பார்த்தால் போதும். 32 வாரத்திலும் இறங்கியே கிடந்தால், அதுவும் சீசர் செய்த வயிற்றில், அது தழும்புக்குள் வேர் விட்டிருக்கிறதா என்று தேட வேண்டும். தெரியாமல் வீட்டில் வலி வந்திருந்தால் இரத்தப் போக்கு நிமிடக் கணக்கில் ஆளைக் கொண்டு போயிருக்கும். மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு இரவில் ஆற்றைக் கடக்கப் படகுப் பாதைக்குக் காத்து நிற்கும் காலம் போய்விட்டது, சரி. ஆனால் ஆஸ்பத்திரியில் இரத்தம் ஆயத்தமாக இல்லாவிட்டால் பாலம் இருந்தும் என்ன?

அன்று முகம் பார்க்கவில்லை. போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினேன், அங்கே நாள் குறித்துச் சீசர் செய்தார்கள். மச்சானுக்குப் படம் பிள்ளை பிறந்த பிறகுதான் போனது.

ஃபோர் டியை நான் குறை சொல்லவில்லை. அது என்னவென்று தெரிந்துகொண்டு கேளுங்கள் என்கிறேன். ஸ்கேனில் எக்ஸ்ரே இல்லை, ஒலிதான். 1958இல் கிளாஸ்கோ டொக்டர் இயன் டொனால்டும் கூட இருந்தவர்களும் லான்செட் இதழில் எழுதிய காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை: ஒலி உள்ளே போகிறது, எதிரொலி திரும்பி வருகிறது. பல வெட்டுமுகங்களைக் கணினி அடுக்கி மேற்பரப்பாகக் கட்டினால் த்ரீ டி. அது அசைந்தால் ஃபோர் டி. அந்தத் தேன் நிறத் தோல் மென்பொருள் பூசும் சாயம். பிள்ளையின் முகத்துக்கு முன்னால் பன்னீர்க்குடத் தண்ணீர் இல்லாவிட்டாலோ கை மறைத்தாலோ மூக்கு உருகினது போல வரும். நிழல் விழுந்த இடம் ஓட்டையாகத் தெரியும். அதைப் பார்த்து அழுதவர்களும் உண்டு. உதட்டுப் பிளவு இருப்பதாகச் சந்தேகம் வந்தால் இந்தப் படம் உண்மையிலேயே கைகொடுக்கும். "இவ்வளவுதான், தைத்துச் சரியாக்கலாம்" என்று பெற்றோருக்குக் காட்டவும் அதைவிட நல்ல வழி இல்லை.

ஆபத்து உண்டா? தேவைக்குச் செய்யும் ஸ்கேனால் பிள்ளைக்குத் தீங்கு என்று இதுவரை நிரூபணம் இல்லை. ஆனாலும் ஒலியும் ஒரு சக்திதான், திசுவைக் கொஞ்சம் சூடாக்கும். அதனால்தான் முதல் மூன்று மாதத்தில் காரணமில்லாமல் டொப்ளர், அதாவது இரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன், போடுவதில்லை. நினைவுப் படத்துக்காக மட்டும் ஸ்கேன் செய்ய வேண்டாம் என்று அமெரிக்காவில் மருந்தையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ.யும் சொல்கிறது.

இயந்திரம் கூர்மையாகக் கூர்மையாக இன்னொரு தொல்லை. முன்பு தெரியாத சின்னச் சின்னப் புள்ளிகளெல்லாம் இப்போது தெரிகின்றன. காத்தான்குடியிலிருந்து வந்த ஒரு தங்கச்சி வேறெங்கோ எடுத்த ரிப்போர்ட்டைக் கைக்குள் சுருட்டி வைத்திருந்தார். பிள்ளையின் மூளையில் சிறு நீர்க்கட்டி என்று அதில் ஒரு வரி, விளக்கம் எதுவும் இல்லை. மூன்று கிழமையாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டில் காணும் விஷயம் இது. மற்ற உறுப்புகள் சரியாக இருந்தால் பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். எழுதியவர் இரண்டு நிமிடம் பேசியிருந்தால் போதும். மறுபக்கமும் உண்டு: "ஸ்கேன் நோர்மல்" என்றால் எல்லாமே நோர்மல் என்று அர்த்தமில்லை. இதயக் குறைபாடுகள் சில தப்பிவிடும். டவுன் சின்ட்ரோம் ஸ்கேனை மட்டும் வைத்து உறுதி சொல்லும் விஷயமே அல்ல.

அடுத்து, ஆணா பெண்ணா. இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்லவே கூடாது. இலங்கையின் கிழக்கில் கதை கொஞ்சம் வேறு. இங்கே துணைக்கு வருவது மாமியார் அல்ல, பெண்ணைப் பெற்றவர். குடி என்கிற குலம் தாய்வழி, வீடும் பெண்ணுக்கு. ஒரு அம்மம்மா சொன்னார்: "மருமகன் ரெண்டு பொட்டைக்கும் வளவு வாங்கிப் போட்டார். இதும் பொட்டையெண்டா இப்பவே வீடு கட்டக் கல்லறுக்கணும், அதான் கேட்டன்." சிரித்துவிட்டேன். ஆனாலும் சொல்லவில்லை. இன்றைக்குக் கணக்காக இருப்பது எந்த வீட்டில் எப்போது வெறுப்பாக மாறும் என்று ஸ்கேன் அறையிலிருந்து எனக்குத் தெரியாது.

"குறை தெரிந்தால் மட்டும் என்ன செய்யலாம் டொக்டர்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 303ஆம் பிரிவுப்படி, தாயின் உயிரைக் காப்பாற்ற அன்றி இலங்கையில் கருக்கலைப்புக் குற்றம். அப்படியானால் ஸ்கேன் வீணா? இல்லை. இதயத்தில் பெரிய குறையென்றால் பிள்ளையைப் பிறகு அம்புலன்ஸில் கொண்டு ஓடாமல், வசதியுள்ள இடத்திலேயே பிறக்க வைக்கலாம். ஆனால் எதுவுமே செய்ய முடியாத பிள்ளைகளும் உண்டு.

மண்டையோடு உருவாகாத பிள்ளை ஒன்று. 20 வாரம். தாயிடம் ஒளிக்காமல் சொன்னேன், கணவரையும் கூப்பிட்டு இருத்தித் திரும்பவும் சொன்னேன். அடுத்த முறை கருத்தரிக்க ஒரு மாதம் முன்னமே 5 மில்லிகிராம் போலிக் அசிட் தொடங்க வேண்டும் என்றும் சொன்னேன். அது அன்று அவருக்குக் கேட்டிருக்காது, அட்டையில் எழுதிக் கொடுத்தேன். எழும்பிப் போகும்போது, "ஒரு படம் தருவீங்களா டொக்டர்?" என்று கேட்டார். திரும்பப் படுக்கச் சொன்னேன். முகத்துப் பக்கம் போகாமல் கருவியைக் கீழே நகர்த்தினேன். இரண்டு பாதங்களும் ஒன்றோடொன்று ஒட்டி, பத்து விரலும் தெளிவாகத் தெரிந்தன. த்ரீ டியில் எடுத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.