பழைய சங்கிலிவாளும் அல்கைலேட் பெற்றோலும்

எரிபொருள் மாறினால் இயந்திரத்தின் போக்கும் மாறும் என்பதை வன்னியில் யாருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் நாலு துளி பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய தலைமுறை இன்னும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கராஜ்களில் வேலை செய்கிறது. நோர்வேயிலோ சுவிஸிலோ இருக்கும் உறவினர் ஒருவர், "இங்கே சங்கிலிவாளுக்குச் சாதாரண பெற்றோல் ஊற்றுவதில்லை, அல்கைலேட் என்ற தனிவகைப் பெற்றோல்தான்" என்று சொன்னால் அந்த மெக்கானிக் கேட்கக்கூடிய முதல் கேள்வி இதுதான்: பதினைந்து வருடப் பழைய வாள் அதைத் தாங்குமா?

எஞ்சின் தாங்கும். சிக்கல் இறப்பரில்தான் இருக்கிறது.

பம்பில் வாங்கும் பெற்றோல் நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலவை. அதில் பென்சீன், தொலுயீன், சைலீன் ஆகியவை அடங்கிய அரோமற்றிக் குடும்பம் கணிசமான பங்கு வகிக்கிறது. ஐரோப்பியத் தரவிதி அதற்கு 35 வீதம் வரை இடம் கொடுக்கிறது. அல்கைலேட்டில் இந்தக் குடும்பமே இல்லை என்று சொல்லிவிடலாம். நான்கு காபன் அணுக்கள் கொண்ட ஐசோபியூட்டேனையும் அதேபோல் நான்கு காபன் கொண்ட பியூட்டீனையும் கடுமையான அமிலத்தின் துணையோடு இணைத்தால், எட்டுக் காபன் கொண்ட கிளைத்த மூலக்கூறுகள் கிடைக்கின்றன. அவற்றில் முக்கியமானது ஐசோஒக்டேன். எஞ்சினில் தட்டாமல் எரியும் திறனை அளக்கும் ஒக்டேன் அளவுகோலில் 100 என்ற இடத்தில் வைக்கப்பட்டிருக்கும் அதே பொருள். இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களுக்குப் பெருமளவில் தயாரிக்கப்பட்ட பெற்றோலுக்கும் இந்த முறை கைகொடுத்தது. ஆகவே 92 ஒக்டேனில் ஓடிப் பழகிய வாள் அல்கைலேட்டில் தட்டாது, பலமும் குறையாது.

மரம் வெட்டுபவருக்கு இதில் என்ன இலாபம்? சங்கிலிவாளின் இரண்டு வீச்சு (டூ-ஸ்ட்ரோக்) எஞ்சினில் புதுக் கலவை உள்ளே வரும்போதே எரிந்த புகை வெளியேறுகிறது. இரண்டு வழிகளும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதால் பழைய வாள்களில் ஏறத்தாழ கால் பங்கு எரிபொருள் எரியாமலே சைலன்சர் வழியாகப் போய்விடுகிறது. வாளைப் பிடித்திருப்பவரின் முகமோ இரண்டடித் தூரத்தில்தான் இருக்கிறது. பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது. சுவீடனின் காட்டுத் தொழிலாளர்களிடையே 1980களின் பிற்பகுதியில் அல்கைலேட் பரவத் தொடங்கியதற்கு இந்தப் புகைதான் காரணம். ஒன்றை மறக்கக் கூடாது: காபன் மொனொக்சைட் எந்தப் பெற்றோலிலும் வரும். மூடிய கொட்டிலுக்குள் வாளை இயக்கிப் பார்க்கும் பழக்கத்துக்கு அல்கைலேட் அனுமதிச் சீட்டு அல்ல.

இனி இறப்பர். எரிபொருள் குழாய், தாங்கி மூடியின் வளையம், காபரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வுகள், கிராங் தண்டின் இரு முனைகளிலும் இருக்கும் ஒயில் சீல்கள் எல்லாமே எரிபொருளோடு உறவாடும் உறுப்புகள். அரோமற்றிக் சேர்மங்கள் இறப்பருக்குள் ஊறி அதைப் பருக்கச் செய்கின்றன. அதே வேளை, இறப்பரை மென்மையாக வைத்திருக்கத் தொழிற்சாலையில் சேர்த்த பொருளை மெல்ல மெல்லக் கரைத்து வெளியே கொண்டுபோகின்றன. வருடக்கணக்கில் இப்படி நடந்த பிறகு, அந்த இறப்பரின் பருமனையும் நெகிழ்வையும் தாங்கிப் பிடித்திருப்பது ஊறிய பெற்றோல் மட்டுமே. அல்கைலேட் வந்ததும் ஊறியிருந்தது வெளியேறுகிறது, அதன் இடத்தை நிரப்ப எதுவும் இல்லை. நீண்டநாள் ஊறுகாய்ப் பானையிலிருந்து எடுத்து வெயிலில் போட்ட மாங்காய்த் துண்டைப் போல இறப்பர் சுருங்கி இறுகிவிடுகிறது. குழாயில் வெடிப்பு, மூடியில் கசிவு, விறைத்த சவ்வு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இது சங்கிலிவாளுக்கு மட்டும் வரும் வியாதி என்று எண்ண வேண்டாம். செயற்கை விமான எரிபொருளைச் சாதாரண விமான எரிபொருளோடு கலக்கும்போது குறைந்தது 8 வீதம் அரோமற்றிக் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பதற்கு, விமானத்தின் சீல்கள் சுருங்கிக் கசியும் என்ற பயமும் ஒரு காரணம்.

குழாயில் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். கிராங் சீல் சுருங்கினால் தெரியாது. அங்கே பெற்றோல் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகும். இந்த எஞ்சினுக்கு மசகு எண்ணெயைத் தன்னோடு கலந்து கொண்டுவருவதே பெற்றோல்தான். காற்றுக் கூடினால் எண்ணெயும் குறையும், சூடும் ஏறும். வன்னி மரத்தில் சங்கிலியைப் பதம் பார்ப்பது உள்ளே புதைந்திருக்கும் போர்க்கால ஷெல் துண்டு. பிஸ்டனைப் பதம் பார்ப்பது இந்தக் கள்ளக் காற்று. பாலை, முதிரை போன்ற வைர மரங்களில் முழு வேகத்தில் நின்று அறுக்கும்போது பிஸ்டன் கீறுப்பட அதிக நேரம் ஆகாது.

எனவே மாற்றுவதானால் குழாய், மூடி வளையம், காபரேட்டர் சவ்வுத் தொகுதி மூன்றையும் முதலிலேயே புதிதாகப் போட்டுவிடுவது நல்லது. கசிந்த பிறகு ஒவ்வொன்றாகப் பார்ப்பது வீண் சிக்கனம். கிராங் சீல் பழையதென்றால் காற்று அழுத்திச் சோதிக்க வேண்டும். அடுத்தது காபரேட்டர். பம்ப் பெற்றோல் லீற்றருக்கு 720 முதல் 775 கிராம் வரை இருக்கும். அல்கைலேட் ஏறத்தாழ 700 கிராம். அதே துளையால் சற்றுக் குறைந்த நிறைதான் போகும். வித்தியாசம் பெரிதல்ல, ஆனாலும் முழு வேகத்தில் போகும் எரிபொருளின் அளவைச் சரிசெய்யும் 'எச்' திருகை ஒரு சிறு அளவு திறந்து, சுற்று வேகத்தை மானியால் அளந்து, தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள் வைக்க வேண்டும். மானி இல்லாதவர்களுக்குக் காது இருக்கிறது: சுமையில்லாமல் முழு வேகத்தில் சத்தம் கொஞ்சம் திக்க வேண்டும், மரத்துக்குள் இறங்கியதும் அந்தத் திக்கல் மறைய வேண்டும். கூர்மையாகக் கீச்சிட்டால் திருகை இன்னும் திறவுங்கள். எண்ணெய் கலக்காத அல்கைலேட்டும் விற்பனையில் உண்டு. அதைக் கலக்காமல் ஊற்றினால் வாளின் கதை அன்றே முடியும்.

நம் பக்கத்துப் பெற்றோல் நிலையங்களில் இது கிடைப்பதில்லை. ஐரோப்பாவிலேயே சாதாரண பெற்றோலைவிட இரண்டு மூன்று மடங்கு விலை. வாளை நாள் முழுக்கப் பிடிப்பவருக்கு அந்த விலை நியாயம் என்பேன். மாதம் ஒருமுறை விறகு அறுப்பவருக்கு அல்ல. ஆனால் அவர் வேறொரு பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். பம்ப் பெற்றோலில் இருக்கும் ஒலிஃபின் சேர்மங்கள் காற்றோடு சேர்ந்து பிசினாகின்றன, நம் வெயிலில் இன்னும் விரைவாக. 2022 தட்டுப்பாட்டில் கானில் சேர்த்துவைத்த பெற்றோலால் அடைத்துப்போன காபரேட்டர்களைக் கழுவியவர்களுக்கு இது தெரியும். அல்கைலேட்டோ வருடக்கணக்கில் கெடாது. 92 ஊற்றுபவர் இரண்டு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கலந்து, வேலை முடிந்ததும் தாங்கியை வெறுமையாக்கி, வாள் தானாக அணையும்வரை ஓட விடட்டும்.

வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் பாவித்த வாள்களுக்கு இந்தக் கணக்குத் தலைகீழ். அல்கைலேட்டில் வாழ்ந்த இறப்பர் நம் பெற்றோலில் பருக்கத் தொடங்கும். மூடி இறுகலாம், சவ்வு அலைபாயலாம். அங்கேயும் புதுச் சவ்வுத் தொகுதி ஒன்றைப் போட்டு, திருகை மறுபடி சரிபார்த்து, அதன்பின் எரிபொருளை மாற்றி மாற்றி ஊற்றாமல் ஒன்றிலேயே ஓட்டுவதுதான் வழி.