ஃபார்வர்ட் பாஸ் என்றால் முன்வீச்சு

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வைத்திருப்பவர் அதை எதிரணியின் எல்லை இருக்கும் பக்கமாக, தன் அணிக்காரர் ஒருவருக்குக் காற்றில் எறிந்து கொடுப்பதுதான் ஃபார்வர்ட் பாஸ். நமக்குக் கால்பந்து என்றால் காலால் உதைத்து ஆடுவது. அங்கே அது பெரும்பாலும் கையால் ஆடுவது. ரக்பியிலிருந்து கிளைத்து வந்த ஆட்டம். இந்த உறவு தெரிந்தால்தான் சொல்லின் கதை புரியும்.

முதலில் வேர். ஃபார்வர்ட் பழைய ஆங்கிலச் சொல். 'முன்', 'பக்கமாக' என்ற இரண்டு பகுதிகள் சேர்ந்தது. பாஸ் என்பதற்கு மூலம் இலத்தீனில் காலடியைக் குறிக்கும் 'பாசுஸ்'. அது பிரெஞ்சு வழியாக 'கடந்து போ' என்ற பொருளோடு ஆங்கிலத்துக்கு வந்தது. பஸ் பாஸ், பரீட்சையில் பாஸ் எல்லாம் இதே குடும்பம்தான்.

ரக்பியில் கையால் பந்தைப் பின்னாலோ பக்கவாட்டிலோதான் கொடுக்கலாம். முன்னால் எறிந்தால் தவறு. அமெரிக்கக் கல்லூரிகளும் இந்த விதியை அப்படியே வைத்திருந்தன. அதாவது ஃபார்வர்ட் பாஸ் என்பது முதலில் ஓர் ஆட்ட உத்தியின் பெயரல்ல, ஒரு குற்றத்தின் பெயர். அந்தப் பெயரை மாற்றாமலேயே குற்றத்தை மட்டும் நீக்கிய ஆண்டு 1906.

ஏன் நீக்கினார்கள்? பந்தை முன்னால் எறிய முடியாததால், அதைச் சுமந்துகொண்டு எதிரணியை இடித்துத் தள்ளுவதே ஒரே வழியாக இருந்தது. மூன்று முயற்சிகளில் 5 கஜம் முன்னேறினால் போதும் என்பதால் ஒருவரையொருவர் பிணைத்துக்கொண்டு கும்பலாக மோதினார்கள். தலைக்கவசம் கட்டாயமில்லை. 1905 பருவத்தில் பள்ளி, கல்லூரி ஆட்டக்காரர்கள் 18 பேர் இறந்ததாகச் சிகாகோ டிரிப்யூன் நாளிதழ் கணக்கிட்டது. அந்த அக்டோபரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கே அழைத்துப் பேசினார். கொலம்பியா பல்கலைக்கழகம் ஆட்டத்தையே கைவிட்டது. ஸ்டான்ஃபோர்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்கள் ரக்பிக்கு மாறின. ஆட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கும்பலைக் கலைத்து ஆட்களை மைதானமெங்கும் பரவவைக்க வேண்டும். முன்னால் எறிய அனுமதித்தது அதற்காகத்தான்.

ஆனால் அனுமதி ஆயிரம் நிபந்தனைகளோடு வந்தது. ஆட்டம் தொடங்கிய இடத்திலிருந்து பக்கவாட்டில் 5 கஜமாவது தள்ளிப் போய்த்தான் எறியலாம். எறிந்த பந்து யார் மேலும் படாமல் தரையில் விழுந்தால் எதிரணிக்குப் போய்விடும். இப்படியிருந்தால் எந்தப் பயிற்சியாளர் துணிவார்? கிழக்குக் கரையின் பெரிய கல்லூரிகள் பெரும்பாலும் தயங்கித்தான் தொட்டன.

துணிந்தது செயின்ட் லூயி பல்கலைக்கழகம். அதன் பயிற்சியாளர் எடி காக்கெம்ஸ் 1906 கோடையில் அணியை விஸ்கான்சின் மாநிலத்தின் பியூலா ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய், இந்த ஒரு வித்தைக்காகவே பழக்கினார். அன்றைய பந்து இப்போதைய பந்தைவிடத் தடித்தது, ரக்பி பந்துபோல உப்பியது. ஒரு கைக்குள் அடங்காது. அதைத் தைத்து மூடும் கயிற்றைக் காக்கெம்ஸ் பிடியாக்கினார். பந்தின் முனைப்பக்கம் குறுகும் இடத்தில், கயிற்றுத் தையலுக்கு இடையே விரல்களைப் பதித்து, மணிக்கட்டைச் சுழற்றி, பந்து தன் நீள அச்சிலேயே திருகிக்கொண்டு போகும்படி எறியச் சொன்னார். ஒரு மணி நேரம் போல ஆனதும் அணியின் ஆட்டக்காரர் பிராட்பரி ராபின்சன் ஓடிவந்து, தன்னால் 40 கஜம் எறிய முடிகிறது என்று சொன்னதாகக் காக்கெம்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். இந்த வரலாறு முழுவதிலும் எனக்குப் பிடித்த இடம் இதுதான். சட்டம் ஒரு வாசலைத் திறந்தது. விரல் எங்கே வைப்பது என்று கண்டுபிடித்தவர்கள்தான் உள்ளே போனார்கள்.

1906 செப்டம்பர் 5, வாகெஷா ஊரில் கரோல் கல்லூரியோடு ஆட்டம். ராபின்சனின் முதல் வீச்சு யார் கையிலும் சிக்காமல் விழ, விதிப்படி பந்து எதிரணிக்குப் போனது. காக்கெம்ஸ் பின்வாங்கவில்லை. அடுத்து ராபின்சன் எறிந்ததை ஜாக் ஷ்னைடர் பிடித்து, 20 கஜ வீச்சில் டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி பெறுவது) எடுத்தார். செயின்ட் லூயி 22-0 என்று வென்றது. அந்தப் பருவத்தில் ஆடிய 11 ஆட்டங்களிலும் அதற்கே வெற்றி. எடுத்த புள்ளிகள் 407, கொடுத்தவை வெறும் 11. நவம்பர் கடைசியில் ஐயோவா பல்கலைக்கழக அணியை 39-0 என்று வீழ்த்தியது.

இத்தனை செய்தும் காக்கெம்ஸுக்கும் ராபின்சனுக்கும் உரிய பேர் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம். 1913 நவம்பர் 1-ஆம் தேதி நோட்ரடேம் அணியின் கஸ் டோரைஸும் நூட் ராக்னியும் இதே வித்தையால் ராணுவக் கல்லூரி அணியை 35-13 என்று தோற்கடித்தார்கள். நாடு முழுவதும் பேசப்பட்டது அந்த ஆட்டம். ஃபார்வர்ட் பாஸைக் கண்டுபிடித்ததே அவர்கள்தான் என்று வெகுகாலம் நம்பியவர்களும் உண்டு. எதிரே பெரிய அணி, நியூயார்க் பத்திரிகைகள் கண்ணில் படும் ஆட்டம். பெயர் அங்கேயே தங்கிவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? பாஸ் என்பதற்கு 'கடத்தல்' என்று கால்பந்து எழுத்தில் பயன்படுத்துவதுண்டு. உதைத்து நகர்த்தும் ஆட்டத்துக்கு அது பொருந்தும். இங்கே பந்து காற்றில் பறக்கிறது. அதோடு 'முன்கடத்தல்' என்று தனியாகப் படித்தால் ஆள்கடத்தல் ஞாபகம்தான் வரும். 'கைமாற்று' அழகான சொல், ஆனால் அதை நாம் ஏற்கெனவே வட்டியில்லாக் கடனுக்குக் கொடுத்துவிட்டோம். 'எறிதல்' ஈட்டி எறிதல், வட்டு எறிதல் என்று விளையாட்டில் ஊன்றிய சொல்தான். என்றாலும் எறிந்த ஈட்டியை யாரும் பிடிப்பதில்லை.

என் தேர்வு முன்வீச்சு. பந்துவீச்சு என்று கிரிக்கெட்டில் நாள்தோறும் சொல்லிப் பழகியதால் காதுக்குப் புதிதாக இருக்காது. வீச்சு என்றாலே எட்டும் தூரம் என்ற பொருளும் தமிழில் உண்டு. கஜக்கணக்கில் அளக்கும் ஒரு செயலுக்கு இது கூடுதல் பொருத்தம். துணைச் சொற்களும் எளிதாகப் பிறக்கின்றன: பக்கவாட்டில் கொடுப்பது பக்கவீச்சு, யாரும் பிடிக்காமல் விழுந்தது பிடிபடா வீச்சு, எதிரணிக்காரர் நடுவில் புகுந்து பிடித்தால் இடைமறிப்பு.

இன்று அமெரிக்காவில் வெறுமனே பாஸ் என்றாலே பெரும்பாலும் முன்னால் எறிவதைத்தான் குறிக்கிறார்கள். ஆகவே தமிழிலும் முதல் முறை முன்வீச்சு என்று எழுதிவிட்டு, அப்புறம் வீச்சு என்று சுருக்கிக்கொள்ளலாம். ரக்பி பற்றி எழுதும்போது மட்டும் சுருக்கக் கூடாது. அங்கே முன்வீச்சு இன்னமும் தவறுதான்.