கிளான்: குலமா, கிளையா, குடியா?

ஸ்காட்லாந்து வரலாற்றைத் தமிழில் எழுதுபவர்கள் ‘கிளான்’ (clan, ஒரு தலைவரின் கீழ் ஒரே பெயரில் திரண்ட மலைநாட்டுக் கூட்டம்) வந்ததும் ‘குலம்’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

அந்த மலைநாட்டின் கேலிக் மொழியில் இந்தச் சொல்லுக்குப் பிள்ளைகள், வழித்தோன்றல்கள் என்று பொருள். அதற்கும் முன்னால் போனால் லத்தீன் ‘பிளாண்டா’, அதாவது தளிர். கேலிக்கின் மூதாதையான பழைய ஐரிஷில் ஆரம்பத்தில் ‘ப’ ஒலியே கிடையாது, அதனால் கடன் வாங்கிய சொல்லில் அது ‘க’ ஆகிவிட்டது. ஈஸ்டரைக் குறிக்கும் ‘பாஸ்கா’ அங்கே ககரத்தில் தொடங்குவதும் இப்படித்தான். நம் ‘கிளை’யும் மரக்கிளை, உறவினர் இரண்டையும் குறிக்கும் (கிளைஞர் என்றால் சுற்றத்தார்), பொருள் அழகாக ஒத்துப்போகிறது. ஆனால் இது தற்செயல். ‘மக்டொனால்ட்’ என்றால் டொனால்டின் மகன், ஆகவே ‘மக்’ நம் ‘மகன்’தான் என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன், அதுவும் தற்செயல்தான்.

சரி, குலம் ஏன் கூடாது? குலம் என்றால் ரத்த உறவும் சாதியும் கூடவே வந்துவிடும். ஹைலாண்ட்ஸ் மலைநாட்டில் ஒரு தலைவரின் நிலத்தில் பயிர் செய்து, அவர் பாதுகாப்பில் வாழ்ந்து, அவர் கூப்பிட்டால் வாளோடு போய் நின்றவர்களும் கிளானைச் சேர்ந்தவர்கள்தான். ரத்த சம்பந்தமே இல்லாத பலர் தலைவரின் பெயரைத் தங்கள் பெயராக வைத்துக்கொண்டார்கள். 1746 ஏப்ரல் 16 அன்று கலோடன் போரில், ஆட்சி இழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்காகப் பல கிளான்கள் சேர்ந்து போரிட்ட ஜேக்கபைட் படை ஒரு மணி நேரத்துக்குள் நொறுங்கியது. அந்தப் புல்வெளியில் 1881இல் நட்ட கரடுமுரடான கற்களில் ‘கிளான் ஃப்ரேசர்’ என்பதுபோல் ஒவ்வொரு பெயராக வெட்டியிருக்கிறார்கள், ஒரு கல்லில் மட்டும் ‘கலந்த கிளான்கள்’ என்று இருக்கும்.

போருக்குப் பிறகு தலைவர்களின் பரம்பரை நீதி அதிகாரத்தை பிரிட்டிஷ் அரசு சட்டம் போட்டுப் பறித்தது, ஹைலாண்ட் உடைக்கும் 1782 வரை தடை. அப்புறம் நடந்ததுதான் கொடுமை. தலைவர்கள் வெறும் நிலக்கிழார்களாகிவிட, ஆட்டுப் பண்ணைக்கு வாடகை அதிகம் என்று குத்தகைக்காரர்களை வெளியேற்றினார்கள். 1814இல் வடக்கு ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் வீடுகளின் கூரைமரங்களுக்கே தீ வைக்கப்பட்டது. அந்த நிலத்துக்கு உரியவர் சதர்லாந்து சீமாட்டி, அதே பெயருள்ள கிளானின் தலைவி.

ரத்தமும் நிலமும் கலந்த இந்த உறவைத் தாங்குகிற தமிழ்ச் சொல் ‘குடி’தான். குடிப்பிறப்பு என்றால் வம்சம், குடிகள் என்றால் ஒருவரின் ஆட்சிக்குள் வாழ்பவர்கள், குடியானவர் என்றால் உழுபவர், மூன்றும் கிளானில் உண்டு. ஆகவே கேம்பல் குடி, மக்லவுட் குடி என்று எழுதலாம், தலைவரைக் குடித்தலைவர் எனலாம். ‘கோத்திரம்’ வேண்டவே வேண்டாம், ஒரே கிளானுக்குள் திருமணம் செய்ய அங்கே எந்தத் தடையும் இல்லை.